எட்டு வாசலும் ஒரு ஜெற்றியும்

எங்கள் தீவில், புளியங்கூடலில் இருக்கிற என் கல்வீட்டை நான் மூன்று தரம் கட்டினேன். இரண்டு தரம் சண்டை அதைத் தின்றது. மூன்றாம் தரம் கட்டியது இன்றைக்கும் நிற்கிறது, சுவரில் மயிரளவு வெடிப்பு இல்லை. மண்டைதீவில் மீன்பிடிச் சங்கத்துக்குக் கட்டடம் கட்டினேன். கடல் காற்று ஆணியைக்கூடத் தின்கிற இடம் அது, கூரை இன்னும் அசையவில்லை. உப்புத் தண்ணியோடு மாரடிக்கிற சனத்துக்கு மழைத் தண்ணி பிடிக்கிற தொட்டிகள் கட்டிக் கொடுத்தேன். எத்தனை என்று கேட்டால் எனக்கே நினைவில்லை, ஒன்றாவது ஒழுகினது என்று யாரும் வந்து சொன்னதில்லை. படித்த ஒருவர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டி, இந்த வளவில் நல்ல தண்ணி வராது என்று சொன்ன இடத்திலேயே கிணறு வெட்டி நல்ல தண்ணி எடுத்தவன் நான். அவர் பிறகு அந்தத் தண்ணியில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். தகப்பன் இல்லை. பன்னிரண்டு வயதில் சாந்து குழைக்கத் தொடங்கி, இருபதில் மேசன், முப்பதில் எனக்குக் கீழே பத்துப் பேர். எனக்கு ஒருவரும் கைதூக்கி விடவில்லை. மூன்று பிள்ளைகளையும் படிப்பித்தேன். மூத்தவள் கனடாவில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குச் சரியாகத் தெரியாத ஒன்று இருக்கிறது. அது கனடாவில் ஒரு மோலில், நூறு கடை ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற கட்டடத்தில், நடந்தது. அந்தக் கதையை என் மகள் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மனிசி கண்ணை மூடின அடுத்த வருடம் மகள் என்னைத் தன்னோடு கூப்பிட்டாள். ஆறு வருடம் அங்கே இருந்தேன். அவளும் மருமகனும் மாறி மாறி வேலை. வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள்: பேத்திக்கு அப்போது எட்டு வயது, பேரனுக்கு ஐந்து. சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் என் பொறுப்பு.

பனிக்காலத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் எவ்வளவு நேரம் வைத்திருப்பது? பத்து மணிக்கே சுவரில் ஏறத் தொடங்கிவிடுவார்கள். எங்களுடைய தெருமுனையில் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் மோல். அங்கே காசு கொடுக்காமல் சூடு கிடைக்கும். குளிர் நாட்டில் அது எவ்வளவு பெரிய தருமம் என்று எங்களுடைய வெயிலில் இருந்து பார்க்கிறவர்களுக்கு விளங்காது. ஒன்றும் வாங்காத கிழவனை அங்கே ஒருவரும் எழும்பு என்று சொல்வதில்லை. இருக்க நல்ல வாங்கு போட்டிருப்பார்கள். சுத்தமான கக்கூஸ். பிள்ளைகள் ஓட நீளமான நிலம். அந்த மோலைக் கட்டினவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனை நான் அடிக்கடி நினைப்பேன். கட்டுகிறவனுக்குக் கட்டுகிறவன்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நிலம் முழுக்கப் பெரிய பெரிய ரைல்ஸ் கல் பதித்திருக்கிறார்கள். நான் நடக்கும்போது குதிக்காலால் தட்டிப் பார்ப்பேன். அடியில் சாந்து நிறைந்த ரைல்ஸில் ஒரு சத்தம் கேட்கும், வெறுமையானதில் இன்னொரு சத்தம் கேட்கும். சப்பாத்துக் கடைக்கு முன்னால் நாலு ரைல்ஸ் வெறுமை. சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு வரிசையே வெறுமை. பேரனும் என்னைப் பார்த்துத் தட்டப் பழகிவிட்டான்.

"அம்மப்பா, இது வெறும்."

"ஓம், அது வெறும்தான்."

"இது?"

"அது நல்லாப் போட்டிருக்கிறான்."

அங்கே வாங்குகளில் எங்களுடைய ஆட்கள் நாலைந்து பேர் காலையில் கூடுவார்கள். நடக்க வாறோம் என்று சொல்வார்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு இரண்டு மணித்தியாலம் இருப்பார்கள். அதில் ஒருவர் புங்குடுதீவுக்காரர். முந்திக் கொழும்பில் கடை வைத்திருந்தவர். என்னைக் கண்டால் போதும்.

"வந்திட்டார் புளியங்கூடல் மேசன். மோலிலை எங்கையெங்கை வெடிப்பு எண்டு பாத்து எழுதிக் குடுங்கோ, அண்ணை. உடைச்சுக் கட்டச் சொல்லுவம்."

"நீங்கள் கட்டினது ஒண்டுமில்லைத்தானே, வித்ததுதானே. உங்களுக்கு நிலத்தைப் பாக்கத் தெரியாது."

"எனக்கு நிலம் என்னத்துக்கு? இவ்வளவு பெரிய கடையிலை விக்கிறவன் ஒருத்தன் வாயைத் திறந்து வாங்கோ எண்டு கூப்பிடேல்லை. எனக்கு அதுதான் கவலை."

இப்படித்தான் போகும். நான் வாங்கில் இருந்தபடி பிள்ளைகள் மேலேயே கண்ணை வைத்திருப்பேன். எஸ்கலேட்டரில் ஏறுவார்கள், இறங்குவார்கள், ஏறுவார்கள். விளையாட்டுச் சாமான் கடை வாசலில் நின்று பார்ப்பார்கள், ஒன்றையும் கேட்க மாட்டார்கள். மத்தியானம் உருளைக்கிழங்குப் பொரியல் ஒன்று வாங்கி மூன்று பேரும் பங்கிடுவோம். பேத்தி எண்ணித்தான் பங்கிடுவாள், எனக்குத்தான் கட்டையானதுகள் வரும்.

முதல் நாளே நான் அவர்களுக்கு ஒரு சட்டம் சொன்னேன். அது என் சட்டம் இல்லை, எங்கள் தீவுகளின் சட்டம். நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிறபோது தாய் தகப்பன் எல்லோரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வார்கள். சனத்துக்குள் கை விடுபட்டால் அழுதுகொண்டு திரியாதே, தேடாதே, ஜெற்றிக்குப் போய் நில். கடல் சுற்றி இருக்கிறது. வந்த சனம் முழுக்க அந்த ஜெற்றியில் வள்ளம் ஏறித்தான் திரும்ப வேண்டும். ஜெற்றியில் நிற்கிறவன் துலையமாட்டான். தேடுகிறவனும் துலைந்தவனும் ஓடித் திரிந்தால் ஒருவரை ஒருவர் காணாமல் கோயிலைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

"கை விடுபட்டால் என்ன செய்யவேணும்?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸுக்குள் கேட்பேன்.

"ஜெற்றியிலை நிக்கவேணும்," என்று இரண்டு பேரும் சொல்வார்கள்.

"ஜெற்றி எது?"

"நாங்கள் உள்ளை வாற வாசல்."

"ஆர் கூப்பிட்டாலும்?"

"அசையக் கூடாது."

சட்டத்தில் பிழை இல்லை. பிழை எங்கே இருந்தது என்றால், மோலைச் சுற்றிக் கடல் இல்லை. அது எனக்கு அப்போது எட்டவில்லை. நாங்கள் பஸ்ஸால் இறங்கி ஒரு கண்ணாடிக் கதவால் உள்ளே போவோம், அதே கதவால் வெளியே வருவோம். அதுதான் கதவு என்று இருந்துவிட்டேன். தீவில் பிறந்தவனுக்கு ஒரு இடம் என்றால் ஒரு துறை. எட்டு மாதம் அந்த மோலுக்குப் போய் வந்தும் இன்னொரு வாசல் இருக்குமோ என்று நான் நினைத்ததே இல்லை.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. சனம் தேர் வடம் பிடிக்கிற மாதிரி. நடுவில் ஒரு பக்கம் பிளாஸ்ரிக் சீலை கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பேர் உடைந்த ரைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சீலை ஓரத்தால் பார்த்தேன். ஒருவன் மட்டம் பார்க்காமலே வைக்கிறான். என் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. கையால் காட்டினேன், இந்தப் பக்கம் தாழ்வு என்று. அவன் சிரித்தான். பிறகு மட்டக்கோலை எடுத்து வைத்தான். தாழ்வுதான். பெருவிரலை உயர்த்திக் காட்டினான். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். அவன் அடுத்ததை வைக்கும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் இல்லை.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வள்ளத்துக்குள் நிற்கிறவனுக்குக் காலடியில் பலகை போனால் இருக்கிற மாதிரி. இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பிறகு சட்டம் ஞாபகம் வந்தது. தேடாதே. நேரே ஜெற்றிக்குப் போ. போனேன். கண்ணாடிக் கதவு, பக்கத்தில் வெள்ளைத் தூண், தூணுக்குக் கீழே பூச்சட்டி. தூணோடு நின்றேன்.

பிள்ளைகள் வரவில்லை.

கால் மணித்தியாலம். அரை மணித்தியாலம். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், எனக்கு விளங்கவில்லை. போய்ப் பார்ப்போமோ என்று ஒரு கால் எடுத்து வைப்பேன், நான் போன நேரத்தில் பிள்ளைகள் வந்தால் என்று திரும்ப வைப்பேன். மகள் எனக்கு முந்தியே ஒன்று சொல்லியிருந்தாள். பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் சனிக்கிழமையும் காசு கட்டிப் பராமரிப்பு நிலையத்தில் விடப்போவதாக. அதற்குப் பிறகு எனக்கு அந்த நாட்டில் என்ன வேலை? நான் படுக்கிற பேஸ்மென்ற் அறை யன்னலால் பனியைப் பார்க்கிற வேலைதான். ஆனால் அந்தத் தூணடியில் நிற்கும்போது அதுவும் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் கிடைத்தால் நான் நாளைக்கே ஊருக்குப் போய்விடுகிறேன் என்று நயினாதீவு அம்மாளுக்குச் சொன்னேன்.

வெளியே பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பஸ் இல்லை. பஸ் நிறுத்தம் இல்லை. கார்கள் மட்டும், பார்த்த தூரத்துக்குக் கார்கள்.

புங்குடுதீவுக்காரர் கையில் பையோடு அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன அண்ணை, முகம் செத்துப் போச்சு?"

"பிள்ளையளைக் காணேல்லை. வாசலிலை நிக்கச் சொன்னனான். நானும் வாசலிலைதான் நிக்கிறன். வரேல்லை."

"எந்த வாசலிலை நிக்கச் சொன்னனீங்கள்?"

"வாசலிலை."

அவர் என்னைப் பார்த்தார். அந்த மனிசன் என்னைப் பகிடி பண்ணாத ஒரே நேரம் அது.

"அண்ணை, இதுக்கு எட்டு வாசல் இருக்கு. எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். வாங்கோ, கையைப் பிடியுங்கோ."

எழுபத்திரண்டு வயதுக்காரனை எழுபது வயதுக்காரன் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. வாசல் வாசலாகப் பார்த்தோம். ஒன்றில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் வெள்ளைத் தூண், பூச்சட்டி, வெளியே எங்களுடைய பஸ் நிற்கிறது. தூணோடு முதுகை ஒட்டிக்கொண்டு என் பேத்தி. அவள் கையில் பேரனுடைய கை. பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு காவல்காரப் பெண், கறுத்த, பெரிய உடம்பு, இடுப்பில் பேசுகிற வோக்கிக் கருவி.

பேரன் என்னைக் கண்டதும் அழுதான். அவள் அழவில்லை. கோபமாக நின்றாள்.

"அம்மப்பா, எங்கை போனனீங்கள்? நாங்கள் ஜெற்றியிலைதான் நிண்டனாங்கள்."

நடந்தது இதுதான். பிள்ளைகள் நத்தாருக்கு வைத்த விளையாட்டு ரயிலைப் பார்க்கப் பத்து அடி தள்ளிப் போயிருக்கிறார்கள். திரும்பினால் நான் இல்லை, சீலைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். உடனே பேத்தி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே எங்களுடைய வாசலுக்குப் போயிருக்கிறாள். எட்டில் எது எங்களுடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. காவல்காரப் பெண் கண்டு, அலுவலக அறைக்கு வாருங்கள், சூடான பால் தருகிறேன் என்று கூப்பிட்டிருக்கிறாள். பேத்தி மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். மேலதிகாரி வந்து கூப்பிட்டிருக்கிறார். மாட்டேன். எங்கள் அம்மப்பா இங்கேதான் வருவார், அசையக் கூடாது. கடைசியில் அந்தப் பெண்தான் கதிரை கொண்டுவந்து போட்டு, பிள்ளைகளோடு அங்கேயே இருந்திருக்கிறாள். பால் அந்தத் தூணடிக்கே வந்தது.

அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்து நான் கண்ணில் ஒற்றினேன். அவளுக்கு அது என்னவென்று விளங்கியிருக்காது. என் முதுகில் தட்டினாள். வேலைக்காரி தன் வேலையைத்தானே செய்தாள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளையின் சொல்லை மதித்து, கூட்டிக்கொண்டு போகாமல் பக்கத்தில் இருந்தாளே, அதற்குத்தான் நன்றி. எத்தனை பெரியவர்களுக்கு அந்த மனம் வரும்?

பேத்தியின் பையில் இருந்த இலக்கத்துக்குக் காவல்காரப் பெண் ஏற்கெனவே போன் எடுத்திருந்தாள். மகள் ஆஸ்பத்திரி உடுப்போடு ஓடி வந்தாள். பிள்ளைகளைக் கட்டிப் பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னாள்: "அப்பா, இனி நீங்கள் பிள்ளையளோடை தனியப் போகவேண்டாம்."

நான் ஓம் என்றேன். மட்டக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தானே.

பேத்திதான் வாய் திறந்தாள். "ஏன் அம்மப்பாவைப் பேசுறீங்கள்? நாங்கள் துலையேல்லை. அம்மப்பாதான் துலைஞ்சவர்."

மருமகன் குசினிக்குள் நின்று சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மகளுக்கும் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"அந்த அன்ரி கூப்பிடேக்கை நீ ஏன் போகேல்லை?"

"ஜெற்றியை விட்டு அசையக் கூடாது எண்டு அம்மப்பா சொன்னவர்."

மகள் பேரனுடைய சப்பாத்தையும் கழற்றி மூலையில் வைத்தாள். அவளுக்கும் நான் அந்தச் சட்டம் சொல்லித்தான் வளர்த்தேன். ஆறு வயதில் நயினாதீவில் கை விடுபட்டு, ஜெற்றிக் கட்டையைப் பிடித்தபடி வெயிலில் நின்றவள் அவள். அதை நான் அன்றைக்குச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். காலையில் சொன்னாள்: "அப்பா, வெளிக்கிடுங்கோ. எட்டு வாசலும் எனக்குக் காட்டுங்கோ. பிழைச்சால் இனிப் பிள்ளையளோடை போறது இல்லை எண்டுதான் முடிவு."

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு சோதனையும் ஒழுங்காக எழுதினதில்லை. அன்றைக்கு எழுதினேன். எனக்கு அவர்களுடைய எழுத்து வாசிக்க ஏலாது, ஆனால் நிலம் வாசிக்கத் தெரியும். முதல் சுற்றில் மகள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். இரண்டாம் சுற்றில் நான் காட்டினேன். ஒன்று, கதவடியில் கறுப்பு ரைல்ஸ் மூலை உடைந்தது. இரண்டு, படிக்கட்டில் பூசின சாந்து நிறம் மாறினது. மூன்று எங்களுடையது, உள்ளே வந்ததும் வலப்பக்கம் நாலு ரைல்ஸ் வெறுமை. நாலு, நிலம் கதவுப் பக்கம் சரிவு, மழைக்கு வேண்டுமென்று சரித்தது. இப்படி எட்டும். பின்னால் வந்த மகள் ஒவ்வொன்றுக்கும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஏழாவதில் கொஞ்சம் யோசித்தேன். எட்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காலால் தட்டியே சொன்னேன்.

"உங்களோடை ஏலாது, அப்பா," என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் ஊருக்குத் திரும்பும் வரைக்கும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. காவல்காரப் பெண் எங்களைக் கண்டால் தூரத்திலிருந்தே கை காட்டுவாள். பிள்ளைகள் வளர்ந்தார்கள், நான் வாங்கில் இருக்கிற நேரம் கூடியது. அந்தச் சனிக்கிழமைகளைத் தந்ததற்கு மகளுக்கு நான் கடமைப்பட்டவன். ஒரு பிழையோடு கதவை மூடியிருக்கலாம். அவள் மூடவில்லை. என் ஆயுளில் எனக்கு மற்றவர்கள் தந்தது மிகக் கொஞ்சம். அதில் இது ஒன்று.

இந்த ஆவணியில் அவர்கள் எல்லோரும் ஊருக்கு வந்தார்கள். வீடு நிறையச் சனம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் அந்தக் கதையை எடுத்தாள். கிழவர் ரைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்று பிள்ளைகளைத் துலைத்தது, பிழையான வாசலில் ஒரு மணித்தியாலம் காவல் நின்றது, புங்குடுதீவு மனிசன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினது. நன்றாகத்தான் சொன்னாள். சனம் சோற்றுக் கையோடு விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். காவல்காரப் பெண்ணைப் புகழ்ந்தாள், அது சரி. பேத்தியின் கெட்டித்தனத்தைப் புகழ்ந்தாள், அதுவும் சரி. அதோடு கதை முடிந்தது. பாயசம் வந்தது.

மகளே, கதை அதோடு முடியவில்லை. நான் பிழையான வாசலில் நின்றேன், ஒத்துக்கொள்கிறேன். சீலைக்குள் தலையை விட்டது என் பிழை, அதையும் சொல்லு, சனம் சிரிக்கட்டும். ஆனால் அவ்வளவு சனத்துக்குள், ஆயிரம் பேர் போய் வருகிற கதவடியில், ஐந்து வயதுப் பிள்ளையும் எட்டு வயதுப் பிள்ளையும் ஆர் கூப்பிட்டும் போகாமல் ஒரு மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றார்கள். அந்தக் கெட்டித்தனம் அவளுடையதுதான். அந்தச் சட்டம் என்னுடைய வாயால் போனது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, பஸ்ஸுக்குள், நான் சொல்லிச் சொல்லிப் போட்டது. அடுத்த தரம் இந்தக் கதையைச் சொல்லும்போது, பாயசம் வருமுன்னம், பிள்ளைகளை ஜெற்றியில் நிற்கச் சொன்னது அப்பாதான் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லவேணும். நான் இருக்கும்போதே சொல்லவேணும், எனக்குக் கேட்கிற மாதிரி.